ஆட்டிப் பாத்தாச்சா?

ஒயரை ஆட்டியே வண்டியைக் கிளப்புகிற ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. பழைய மோட்டார் சைக்கிளில் சாவி போட்டும் கரண்டு வரவில்லை என்று யாராவது முனகினால் போதும், அவர் கை ஹெட்லைட்டுக்குப் பின்னால் போய்விடும். கை மட்டும்தான், கண் போகாது. அங்கே ஒரு பிடி ஒயரைக் கொத்தாகப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுவார். அப்புறம் டேங்குக்கு அடியில் விரல் நுழைகிற மட்டும் நுழைத்து ஆட்டுவார். பக்கப் பெட்டியைத் திறந்து பேட்டரி முனையை ஆட்டுவார். ஆட்டுகிற நேரமெல்லாம் முகம் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கும். பேயோட்டுகிற பூசாரிக்கு வேப்பிலை எப்படியோ, அப்படி இவருக்கு ஒயர். "இப்ப அடி தம்பி" என்பார். வண்டிக்காரர் கிக்கரை மிதிப்பார். ஒன்றும் நடக்காது. "இரு, இரு" என்று மறுபடி ஆட்டுவார். பிளக்கைக் கழற்றி ஊதுவது, பெட்ரோல் டேங்கில் காதை வைத்துக் கேட்பது, போகிற போக்கில் "காயில் போயிருக்கும்" என்று சொல்லிவைப்பது என்று வேறு பழக்கங்களும் உண்டு. அவையெல்லாம் பொழுதுபோக்கு. ஆட்டுவதுதான் தொழில்.

இவர் செல்வாக்குக்குக் காரணம், பல நேரம் வண்டி கிளம்பிவிடுவதுதான். அதை மறுக்க முடியாது. ஏன் கிளம்புகிறது என்று மட்டும் கேட்கலாம். பொறிக்கான கரண்டை மூடித் திறக்கும் பாயின்ட் வைத்த பழைய 350 சிசி புல்லட்டில் ஒயர்கள் ஹெட்லைட் கூட்டுக்குள் வந்து கூடுகின்றன. மழைத்தண்ணீரும் ஈரக்காற்றும் பட்டுப் பட்டு இணைப்புகளில் களிம்பேறிவிடும். ஆட்டும்போது அந்தக் களிம்பு ஓர் ஓரத்தில் உரசப்பட்டு, செம்பும் செம்பும் கொஞ்ச நேரம் தொட்டுக்கொள்ளும். அந்த ஒற்றை சிலிண்டர் கொடுக்கிற அதிர்வில் அடுத்த தெரு முனைக்குள் அது பழையபடி விலகிவிடும். இது ஒரு காரணம். இன்னொன்று இவருக்குப் பிடிக்காத காரணம். கெடத் தொடங்கிய காயிலும் கண்டென்சரும் சூடானால் மக்கர் செய்யும், ஆறினால் தாமாகவே வேலை செய்யும். இவர் கால் மணி நேரம் ஆட்டுகிறார் என்றால், அந்தக் கால் மணி நேரமும் எஞ்சின் ஆறுகிறது என்று பொருள். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கும். ஆனால் டீக்கு யாரும் கையெடுத்துக் கும்பிடுவதில்லை.

ஆட்டியதால் வண்டி கிளம்பவில்லை என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி ஆர்எக்ஸ் 100. அந்த வண்டியில் பொறிக்கு வேண்டிய கரண்டு மேக்னட்டுக்குள் இருக்கும் காயிலிலிருந்து, பொறியை மூட்டும் சிடிஐ பெட்டிக்குப் போகிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் அது ஸ்டார்ட் ஆகும். அதன் பேட்டரி ஒயரையும் இவர் விடுவதில்லை. ஆட்டுகிறார், வண்டி கிளம்புகிறது, பேட்டரி ஒயர்தான் லூஸ் என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. வண்டிக்காரர் மறுநாள் புது பேட்டரி வாங்குகிறார். அடுத்த வாரம் வண்டி மறுபடி நிற்கிறது.

எப்படியோ கிளம்பியதல்லவா, ஏழையின் கைவைத்தியத்தைக் குறை சொல்லலாமா என்பார்கள். கைவைத்தியம் கெடுதல் செய்யாத வரைக்கும் சரி. செம்புக் கம்பியை வளைக்க வளைக்க அது இறுகி, கடைசியில் முறியும். ஒயருக்குள் இருக்கிற மெல்லிய இழைகளுக்கும் அதே கதிதான். ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்துப் பக்கத்தில், மேலே உறை முழுசாக இருக்கும்போதே உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். அங்கேதான் இவர் அதிகமாக ஆட்டுகிறார். மிச்சமிருக்கிற நாலு இழையும் அவர் கையாலேயே போகிறது. இழை குறைந்தால், களிம்பு ஏறினால், தடை கூடும். 12 வோல்ட்டில் எரிகிற 35 வாட் பல்புக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் வேண்டும். வழியில் அரை ஓம் தடை முளைத்தாலே ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைந்துபோகும், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். "பழைய வண்டின்னா லைட்டு மங்கலாத்தான் எரியும்" என்று அதற்கும் அவரே விளக்கம் சொல்வார்.

விவரம் தெரிந்தவர்கள் வேறொரு எதிர்வாதம் வைப்பார்கள். ஒயரை ஆட்டிப் பார்ப்பது முறையான சோதனைதானே, பெரிய மெக்கானிக்கும் அதைத்தானே செய்கிறார்? செய்கிறார், உண்மை. ஆனால் மீட்டரை மாட்டி, முள்ளிலோ எண்ணிலோ கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒயரை, ஒரு விரற்கடை அளவுக்கு ஆட்டுகிறார். எங்கே ஆட்டும்போது எண் துள்ளுகிறதோ அங்கே நிறுத்துகிறார். அவருக்கு ஆட்டுவது ஒரு கேள்வி, இவருக்கு அதுவே பதில். மீட்டர் இல்லாத ஊரா என்றால், புல்லட்டின் நெற்றியிலேயே ஆம்பியர் மீட்டரைப் பதித்துத்தான் விற்றார்கள். சாவியைத் திருப்பிவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால் போதும். பாயின்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் இப்படி ஆடினால் சாவி முதல் பாயின்ட் வரை கரண்டு ஓடுகிறது என்று தெரிந்துவிடும்; கண்டென்சர், பிளக், பிளக் ஒயர் என்று அடுத்த பக்கம் தேடலாம். அசையவே இல்லையென்றால் பியூஸ், சாவி, பாயின்ட் முனை என்று வரிசையாகப் பார்க்கலாம். பாதி வழக்கு அரை நிமிடத்தில் தீர்கிறது. அந்த மீட்டருக்கு ஒரு சாண் கீழேதான் இவர் கை இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, அவர் இல்லாத ஊரை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. பாயின்ட்டைக் கண்டால் இது என்ன என்று மெக்கானிக்கே கேட்கிற காலம் இது. அவராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் குந்துகிறார், காசு வாங்குவதில்லை, வண்டி கிளம்பாமல் வீட்டுக்குப் போவதில்லை. இதற்காக மன்னித்துவிடலாம் என்று மனம் இளகும்போதுதான் பியூஸ் ஞாபகத்துக்கு வருகிறது. பியூஸ் போனால் ஏன் போனது என்று பார்க்கமாட்டார். அந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினால், ஷார்ட் இருக்கிற வரை அது பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக்கொண்டே வந்தால், அது அணைகிற இடத்தில் குற்றவாளி. இவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுகிறார், அல்லது நாலு இழை செம்புக் கம்பி. ஷார்ட் அப்படியே இருக்க, இனி உருகப்போவது ஒயர்க்கட்டு. அந்த ஒயர்க்கட்டின் தலைக்கு மேல் பெட்ரோல் டேங்க். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இதைச் செய்கிறவர் கையை யாராவது பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். அறுந்த சிவப்பு ஒயருக்குப் பச்சை ஒயரை முறுக்கி, டேப்புக்கு மேல் டேப் சுற்றி, அடுத்து வருகிற மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிடுவதையும் அதோடு நிறுத்தலாம்.

மற்றபடி ஆட்டட்டும். எந்த ஒயரைத் தொட்டபோது வண்டிக்கு உயிர் வந்ததோ, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். அதுவும் அவரால் முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே ஆட்டினார்.