பரீட்சை வைக்காத பள்ளிக்கூடம்: கேள்வி – பதில்

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறதாமே. டென்மார்க்கில் உண்டா?
– வாசகர், திருச்சி

அந்தப் பெயரில் இல்லை; அந்த வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. விட்டுப்போன பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் பெரியவர்கள் முடிக்க வி.யூ.சி. என்ற அரசு உதவி பெறும் மையங்கள் இருக்கின்றன. பரீட்சையே இல்லாமல் படிக்க ஃபோல்கஹொய்ஸ்கோலெ, அதாவது மக்கள் உயர்பள்ளி. அமெரிக்காவின் முதல் பொதுக் கம்யூனிட்டி காலேஜ் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் திறந்தது. டென்மார்க்கின் முதல் மக்கள் உயர்பள்ளி 1844இலேயே வந்துவிட்டது!

யார் மூளையில் உதித்தது?
– வாசகி, மதுரை

க்ருண்ட்விக் என்ற பாதிரியார். கவிஞர், வரலாற்று ஆய்வாளரும்கூட. லத்தீனை நெட்டுருப் போட வைத்த பள்ளிகள் பிள்ளைகளின் உயிரைக் குடிக்கின்றன என்று கொதித்தவர். இங்கிலாந்து போனபோது கேம்பிரிட்ஜில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உண்டு உறைந்து பேசுவதைப் பார்த்தார். இந்த வாழ்க்கை உழவன் மகனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று கேட்டார். அரசரின் ஆலோசனைச் சபைகளில் விவசாயிகளுக்கும் இடம் கிடைத்திருந்த காலம் அது. எழுந்து நின்று பேச அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆனால் எண்ணத்தைப் பள்ளியாக்கியவர்கள் வேறு சிலர். ரோடிங் என்ற ஊரில் முதல் பள்ளி திறந்தது. 1851இல் ரிஸ்லிங்கெயில் கிறிஸ்டன் கோல்ட் இன்னொன்றைத் தொடங்கினார். செருப்புத் தைப்பவரின் மகன். மாணவர்கள் உண்டதையே உண்டு, அவர்களோடு ஒரே பரணில் படுத்தவர். எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. அப்புறம் என்ன பயன்?
– வாசகர், கோயம்புத்தூர்

வெண்ணெய்! 1870களில் அமெரிக்கத் தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தது. விலை சரிந்து டேனிஷ் உழவர்கள் நொடித்துப்போக வேண்டிய நிலை. அவர்கள் தானியத்தைக் குறைத்து, வெண்ணெய்க்காகப் பசுவுக்கும் இறைச்சிக்காகப் பன்றிக்கும் மாறினார்கள். 1882இல் யெடிங் என்ற கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை எழுந்தது. சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. அங்கே ஓட்டு ஆளுக்கு ஒன்று. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒன்று, நாற்பது மாடு வைத்திருப்பவருக்கும் ஒன்று. முன்பின் தெரியாத அண்டை ஊர்க்காரனை நம்பிப் பாலை ஊற்ற வேண்டும், கூட்டத்தில் எதிர்த்துப் பேச வேண்டும், கணக்கைக் கேட்க வேண்டும். குளிர்கால மாதங்களில் இந்தப் பள்ளிகளில் ஒரே கூரையின் கீழ் தங்கிப் பாடியும் வாதாடியும் வந்த இளைஞர்களுக்கு இது கைவந்தது. எல்லாப் பெருமையும் பள்ளிக்கே என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பள்ளிகள் இல்லாமல் இவ்வளவு வேகம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று: அஸ்கோவ் மக்கள் உயர்பள்ளியில் பாடம் நடத்திய பௌல் லா கூர், 1891இல் அங்கேயே காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தார். ஆரல்வாய்மொழியில் இன்று காற்றாலைகளைப் பார்க்கிறவர்கள் அவரையும் ஒருமுறை நினைக்கலாம்.

எல்லாம் கிராமத்துக் கதையாக இருக்கிறதே. நகரத்துத் தொழிலாளிக்கு?
– வாசகர், சென்னை

அதே 1891இல் போருப் என்பவர் கோபன்ஹேகன் நகரத்திலேயே ஒன்றைத் திறந்தார். அவர் பெயரில் இன்றும் நடக்கிறது. துறைமுக நகரமான எஸ்பியர்கில் 1910இல் தொழிலாளர் உயர்பள்ளி வந்தது. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, நாடுகள் ஒன்றையொன்று அறியட்டும் என்று பீட்டர் மான்னிகெ 1921இல் ஹெல்சிங்கோர் நகரில் ஒரு கல்லூரி தொடங்கினார்.

நான் இங்க ஃபேக்டரியில வேலை. வயசு நாப்பத்தஞ்சு. ஊரில ஓ.எல். கூட முடிக்கேல்ல. இனிப் படிக்கலாமோ?
– வாசகர், ஓர்ஹூஸ், டென்மார்க்

தாராளமாக. வி.யூ.சி.க்குப் போங்கள். உங்கள் டேனிஷ் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு வகுப்பில் சேர்ப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு பத்தாம் வகுப்பு வரை, அதற்கு மேல் எச்.எஃப். என்ற பிளஸ் டூ. 1967இல் தொடங்கிய இந்த எச்.எஃப். படிப்பைப் பாடம் பாடமாகவும் எடுக்கலாம். இந்த வருடம் கணக்கு மட்டும் போதும் என்றால் கணக்கு மட்டும். வகுப்பில் உட்கார வெட்கமா? பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அதே வெட்கம்தான் இருக்கும்.

மகன் ஜிம்னாசியம் (பிளஸ் டூ) முடிச்சிட்டு ஆறு மாசம் ஹொய்ஸ்கோலெ போகப் போறானாம். மெடிசின் படிக்கப்போற பிள்ளை, காலம் வீணாகாதோ அண்ணை?
– ஒரு அம்மா, ஹெர்னிங், டென்மார்க்

விடுங்கோ தங்கச்சி, போகட்டும். சாப்பாட்டுக்கும் அறைக்கும் வாரக் கட்டணம் உண்டு, மீதியில் பெரும்பங்கை அரசு தருகிறது, மாணவர்களுக்கு அரசு தரும் எஸ்.யூ. உதவித்தொகை இதற்குக் கிடைக்காது, கணக்குப் போட்டு வையுங்கள். என் கவலை வேறு. அங்கே நம் பிள்ளைகள் மிகக் குறைவு. ஒரே மேசையில் சாப்பிட்டு, சேர்ந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் அந்த நாட்டை உள்ளிருந்து அறியலாம். நோயாளியின் பக்கத்தில் உட்காரப்போகிற பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும்.

டென்மார்க்குக்கு வெளியே யாராவது பின்பற்றினார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

டென்மார்க் சென்று பார்த்துவந்த மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் அமெரிக்காவின் டென்னசியில் ஹைலாண்டர் பள்ளியைத் தொடங்கினார். 1955 கோடையில் அங்கே வந்து தங்கிப் படித்தவர்களில் ரோசா பார்க்ஸ் ஒருவர். அந்த டிசம்பரில் மாண்ட்கோமரி பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தவர் அவர்தான்.

நம் ஊருக்கு இது சரிவருமா?
– வாசகி, புதுக்கோட்டை

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கிய பெண்கள் உங்கள் மாவட்டத்தவர்கள். அந்த உற்சாகத்தை நாம் ஓர் இயக்கமாக நடத்தினோம். இயக்கம் ஓய்ந்ததும் வகுப்பும் ஓய்ந்தது. டேனிஷ்காரர்கள் அதைக் கட்டடமாக, சட்டமாக, ஆண்டுதோறும் வரும் பணமாக மாற்றிக்கொண்டார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. சென்னையிலும் பிறகு வந்தன. அவை வேலைக்கான பயிற்சி தருகின்றன, நல்லது. ஆனால் சித்தாள் வேலை முடித்து வருகிற பெண் மாலையில் வரலாறும் பாட்டும் கேட்க ஓர் இடம் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். அரசு பணம் தர வேண்டும்.

மகளைப் பார்க்க டென்மார்க் போகிறேன். வயது 68. என்னைச் சேர்ப்பார்களா?
– வாசகர், கும்பகோணம்

நீண்ட படிப்புக்குக் கீழ் வயது வரம்புதான் உண்டு, பதினேழரை. மேல் வரம்பு இல்லை. கோடையில் ஒன்றிரண்டு வாரக் குறும்படிப்புகளும் நடக்கும், குடும்பத்தோடும் போகலாம். பெரும்பாலும் டேனிஷில்தான் நடக்கும், மகளையும் அழைத்துப் போங்கள். காலையில் எல்லோரும் கூடிப் பாடுவார்கள். 1894 முதல் அதற்கென்றே ஒரு பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.