குமாஸ்தா எண் 43-5031

அமெரிக்காவில் ஒரு வீட்டு அடுக்களை. அதிகாலை. கணவர் தரையில் கிடக்கிறார். மனைவி 911 அவசர எண்ணுக்குப் போன் போட்டு அலறுகிறார். மறுமுனையில் ஒரு பெண் இரண்டே கேள்விதான் கேட்கிறார். நினைவு இருக்கிறதா? மூச்சு சரியாக வருகிறதா?

"குறட்டை மாதிரி ஏதோ வருது..."

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அது குறட்டையுமல்ல, மூச்சுமல்ல. இதயம் நின்ற பிறகு வரும் வெற்று இழுப்பு. பயிற்சி பெற்ற காதுக்கு அது தெரியும். "போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். மார்பின் நடுவில் ஒரு கை, அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. இரண்டு அங்குலம் இறங்கணும். நானும் எண்ணுகிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு..." நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ்காரர் கதவைத் தட்டும்வரை அந்தத் தொண்டை ஓயாது.

இந்தப் பெண்ணுக்கு அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு தந்திருக்கும் எண் 43-5031. 'அலுவலக, நிர்வாக உதவிப் பணிகள்'. அதாவது குமாஸ்தா. தட்டச்சர், ஓட்டல் வரவேற்பாளர், மீட்டர் கணக்கெடுப்பவர் எல்லாம் அதே பந்தி. பக்கத்து இலையில் டாக்ஸியும் லாரியும் அனுப்புகிறவர்.

33இல் தொடங்கும் 'பாதுகாப்புப் பணிகள்' பந்தியில் யார் யார்? போலீஸ், தீயணைப்பு வீரர், சரி. அப்புறம் பார்க்கிங் அபராதச் சீட்டு எழுதுகிறவர். நாய் பிடிக்கிறவர். சூதாட்ட விடுதியில் எவனாவது சீட்டை ஒளிக்கிறானா என்று அறைக்குள் உட்கார்ந்து கேமராவில் பார்க்கிறவர். சூதாட்ட விடுதியின் பணப்பெட்டியைக் காப்பது பாதுகாப்பு; அடுக்களையில் கிடப்பவனின் உயிரைக் காப்பது எழுத்துவேலை.

இந்த வகைப்பாட்டின் 2018 திருத்தத்தின்போது, 'எங்களை அந்தப் பந்திக்கு மாற்றுங்கள்' என்று கேட்டுப் பார்த்தார்கள். வகைப்பாட்டுக் குழு பெயரை மாற்றியது. 'பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பாளர்' என்று நீளமாக ஒன்று. இலை நகரவில்லை. காரணமும் சொன்னார்கள் பாருங்கள், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு, போனில் பேசியே ஒருவரைச் சிகிச்சை செய்ய வைக்கவோ ஆலோசனை சொல்லவோ அனுமதி கிடையாதாம். ஆனால் பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறை 1970களின் நடுவிலேயே போனில் முதலுதவி சொல்லத் தொடங்கிவிட்டது. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில், போன் வழி சி.பி.ஆர். (இப்படி மார்பை அழுத்தும் முதலுதவி) உயிரைக் காக்கிறது என்று 1985இல் ஆய்வே வெளியாகிவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாகச் செய்துவரும் வேலையை, 'நீங்கள் செய்வதில்லையே' என்று முகத்துக்கு நேரே சொல்லக் கோப்பால்தான் முடியும்.

இரண்டாவது காரணம் இன்னும் அருமை. டாக்ஸி, லாரி அனுப்புகிறவர்களிடமிருந்து இவர்களைப் பிரித்தால் குழப்பமாகிவிடுமாம். யாருக்கு? லாரி எங்கே நிற்கிறது என்று கேட்கிறவன் தவறிப்போய் 911 பெண்ணைக் கேட்டுவிடுவானா?

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். குமாஸ்தாவுக்கு எதற்கு உயிர்காப்புப் பயிற்சி என்று நிதி ஒதுக்குகிறவர் கேட்பாரே, அது இருக்கிறது. அந்த நாட்டில் முடிவெட்டும் உரிமம் வாங்கப் பல மாநிலங்களில் 1,000 மணி நேரம் படிக்கணும். கிருதா கோணலானால் வாரக்கணக்கில் தெரியுமல்லவா! போனில் சி.பி.ஆர். சொல்லித்தரும் பயிற்சி சில மணி நேரம்தான். அதைக்கூட எல்லா மாநிலங்களும் கட்டாயமாக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியே ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இதயம் நிற்கிற நாடு அது. பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. சி.பி.ஆர். இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்கிறது. செத்தவன் வந்து கிருதா கோணல் என்று புகார் கொடுக்கப் போவதில்லை.

பந்தியை மாற்ற 2019இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. அந்த அவையின் காலம் முடிந்தபோது அதுவும் செத்தது. 2021இல் மறுபடி எழுந்து வந்தது. அதன் மார்பை மட்டும் யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அடுக்களைக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அந்த மனிதர் பிழைத்தாரா என்று இவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. தெருவில் ஒரு நாய் கட்டவிழ்ந்து திரிகிறதாம். முகவரியைக் குறித்துக்கொண்டு நாய் பிடிக்கிறவருக்குத் தகவல் சொல்கிறார் குமாஸ்தா. அவர் எண் 33-9011. பாதுகாப்புப் பணி.