எப்ப இழுக்குதுங்க?

கார் இடப்பக்கமாக இழுத்தால் அதை ஒரு கோளாறு என்று நம் ஊரில் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. வலப்பக்கம் இழுத்தாலாவது எதிரே வரும் லாரிக்காரர் சாட்சி சொல்வார். இடப்பக்கம் என்றால், "ரோடு அப்படிங்க" என்று முடித்துவிடுவார்கள். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மழைத்தண்ணீர் வடியவேண்டும் என்று ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் போடுகிறார்கள். தார் ரோட்டில் நூறு அடி அகலத்துக்கு ஏறக்குறைய இரண்டடி இறங்கும் கணக்கு. நாம் இடது ஓரமாக ஓட்டுகிறவர்கள் ஆனதால், எந்தக் குறையும் இல்லாத காரும் ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் மெல்ல இடப்பக்கம்தான் ஒதுங்கும்.

என் கார் ஒதுங்கவில்லை, பாய்ந்தது. அவினாசி ரோட்டில் பீளமேடு தாண்டுவதற்குள் எனக்குத் தோள்பட்டை வலி வந்துவிடும்.

வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "அக்கா உட்கார்ற பக்கம் லோடு ஜாஸ்தி, மாமா" என்றான் மைத்துனன். "மாமா தனியாப் போறப்பவும் அந்தப் பக்கந்தான்டா போகுது" என்றாள் என் மனைவி. டிரைவர் உட்காருவது வலப்பக்கம். பாரம்தான் காரணம் என்றால் நான் தனியாகப் போகும்போது வண்டி வலப்பக்கம் போயிருக்கவேண்டும். மைத்துனனின் கட்சி அங்கேயே தள்ளுபடி.

மாமனார் அம்பாசிடர் ஓட்டியவர். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அவர் பேச்சில் மட்டும் இன்னும் நிற்கவில்லை. பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் ஒரு டிரம் நனைந்திருக்கும், இன்னொன்று காய்ந்திருக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஈச்சனாரி பிள்ளையாருக்குத்தான் தெரியும் என்பார். "இதெல்லாம் ஒரு இழுப்பா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்தது அலைன்மென்ட் சென்டர். நான்கு சக்கரத்திலும் தட்டு மாட்டினார்கள். எதிரே கம்பத்தில் கேமரா. திரையில் சில எண்கள் சிவப்பு, சில பச்சை. ஒரு பையன் அடியில் போய் டை ராடைத் திருகத் திருக, சிவப்பெல்லாம் பச்சையாயிற்று. "எல்லாம் பச்சைங்க சார்" என்று பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். கேட்டைத் தாண்டியதும் வண்டி கொஞ்சமும் கூசாமல் இடப்பக்கம் போயிற்று.

பையன் மேல் குற்றமில்லை. பெரும்பாலான சின்னக் கார்களில் முன்சக்கரத்துக்குத் திருகிச் சரிசெய்ய முடிந்தது 'டோ' என்ற கோணம் ஒன்றுதான். கேம்பர், காஸ்டர் என்ற மற்றக் கோணங்களைத் திரையில் பார்த்துப் பெருமூச்சு விடலாம்; திருக அங்கே நட்டு கிடையாது. டோ கெட்டால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். வண்டியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுப்பது பொதுவாக அதன் வேலை இல்லை. திருக முடிந்ததைத் திருகினார்கள், அவ்வளவுதான்.

கடைசியாகத்தான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு புளியமரத்தடி மெக்கானிக்கிடம் போனேன். ஐம்பது வயதுக்காரர். போர்டு இல்லாத கடை. அவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்ப இழுக்குதுங்க?"

"எப்பவுமே."

"எப்பவுமேன்னு ஒண்ணு இல்லீங்க. பிரேக் புடிக்கறப்பவா, ஆக்சிலேட்டர் குடுக்கறப்பவா, சும்மா போறப்பவா?"

இத்தனை பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. எல்லோரும் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், பழுது பெரும்பாலும் வலப்பக்கம் இருக்குமாம். வலது கேலிப்பர் இறுகி வேலை செய்யாமல் கிடக்க, இடது மட்டும் பிடிப்பதால் வரும் இழுப்பு அது. இழுக்கிறவன் உழைப்பாளி, குற்றவாளி எதிர்ப்பக்கம் சும்மா இருப்பவன். (ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் என்றால் லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுன்ட் என்று வேறு வழியில் தேடவேண்டும். சும்மா போகும்போதே இழுத்தால் காற்று, டயர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். காசு செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்பார்.

என்னுடையது சும்மா போகும்போது இழுக்கும் வகை. சொந்தக் கேஜை எடுத்துக் காற்றைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லி, திரும்பி வந்ததும் சொம்புத் தண்ணீரை விரலால் தொட்டு ஒவ்வொரு ரிம்மிலும் தெளித்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரம் சூடேறி 'சுர்'ரென்று சொல்லிவிடுமாம். நான்கும் வாயைத் திறக்கவில்லை.

"ரோட்டையும் கேட்டுப்போடலாம், வாங்க" என்று ஏறிக்கொண்டார்.

போன இடம் அன்னூர் போகிற வழியில் ஒரு மனைப்பிரிவு. அலங்கார வளைவு, பிளாஸ்டிக் கொடிகள், டிடிசிபி அப்ரூவ்டு போர்டு, புத்தம்புது தார் ரோடு எல்லாம் உண்டு. வீடுதான் ஒன்றும் இல்லை. இங்கே ரோட்டின் வலது பாதியில் ஓட்டலாம். அங்கே சரிவு வலப்பக்கம் இறங்குவதால், குற்றம் ரோட்டுடையது என்றால் வண்டியும் வலப்பக்கம் போகவேண்டும். எங்கள் வண்டியோ மேட்டை ஏறிக் கடந்து இடப்பக்கம் போயிற்று. ரோடு நிரபராதி. அதற்குள் வாட்ச்மேன் ஓடிவந்து, "கார்னர் சைட்டு ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கி" என்றார். வண்டியும் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் அங்கேயே ஜாக்கி போட்டு, முன்பக்கத்து இரண்டு டயர்களையும் இடம் வலமாக மாற்றி மாட்டினார். (ஒரே திசையில் ஓடவேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை இப்படி மாற்றக்கூடாது.) இப்போது வண்டி வலப்பக்கம் இழுத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது; அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "அகப்பட்டுக்கிச்சுங்க!"

டயரோடு இழுப்பும் பக்கம் மாறியதால் குற்றவாளி டயர்தான். டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டை, செய்யும்போதே இம்மி விலகிப் படிந்துவிட்டால், கண்ணுக்கு நல்ல டயராகத்தான் தெரியும், ஓட்டத்தில் மட்டும் கூம்பாக நடந்துகொள்ளும். டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிவிட்டால் நேராகவா போகிறது? அடிப்பக்கமாகத் திரும்பி வட்டமடிக்கும். அலைன்மென்ட் கேமரா பார்ப்பது சக்கரம் நிற்கும் கோணத்தை. டயரின் வயிற்றுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. முன் ஜோடியைப் பின்னாலும் பின் ஜோடியை முன்னாலும் போட்டார். பின்சக்கரம் திருப்பும் சக்கரம் இல்லை என்பதால் அங்கே கெட்ட டயரின் சேட்டை அவ்வளவாகத் தெரியாதாம்.

திரும்பும்போது அவர் ஓட்டினார். வண்டி கோடு போட்டது போல் நேராக வந்தது. பாதி வழியில் நான் வாங்கி ஓட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது.

"அண்ணா, மறுபடியும் இழுக்குதே!"

அவர் என் கைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"வண்டி இல்லீங்க, இழுக்கறது நீங்க. இத்தனை நாள் வலப்பக்கம் புடிச்சுப் புடிச்சுக் கைக்குப் பழகிப்போச்சு. ஒரு வாரத்துல தானா வுட்டுப்போகும். அதுக்கு நான் காசு வாங்கறதில்லைங்க."