சங்கிலியில் எழுதிய சந்தோஷம்

எந்நேரமும் மகிழ்ந்திருக்கச் சொல்கிறார் பவுல். மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் சொல்வாரா?
– வாசகர், திருநெல்வேலி

மாதக் கடைசி என்ன பிரமாதம்! அவர் பிலிப்பியருக்கு அதை எழுதும்போது சங்கிலியில் கிடந்தார். விடுதலையா, மரணமா என்று வழக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. நான்கே அதிகாரமுள்ள கடிதம். அதில் திரும்பத் திரும்ப வருவது சந்தோஷப் பேச்சு. சம்பளத்தோடு வரும் சந்தோஷம் சம்பளத்தோடு போய்விடும். பவுலுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தவர் கிறிஸ்து. ஜெயிலரால் பறிமுதல் செய்ய முடியவில்லை.

அப்படியானால் விசுவாசி அழவே கூடாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

யார் சொன்னது? லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். அதுவும், சற்று நேரத்தில் அவரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே! துக்க வீட்டில் 'அழாதே' என்று உபதேசம் பண்ணுகிறவரை ஓரமாக உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுங்கள். வாய்க்கு வேலை கிடைக்கும்.

கவலைப்படாதே என்றால் கவலை போய்விடுமா?
– வாசகர், திருச்சி

போகாது. அதனால்தான் பவுல் அதோடு நிறுத்தவில்லை. ஜெபம், விண்ணப்பம், நன்றி என்று இறக்கிவைக்க இடத்தையும் காட்டினார். சாலையோரச் சுமைதாங்கிக் கல் மாதிரி. சுமை கற்பனை என்று அந்தக் கல் வாதாடுவதில்லை. ராத்திரி தூக்கமே போய்விட்டதென்றால் டாக்டரையும் பாருங்கள். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

நாள் முழுக்க அடுப்படியில் கிடக்கிறேன். ஜெபிக்க ஏது நேரம்? மன அமைதிக்கு எங்கே போவது?
– வாசகி, தூத்துக்குடி

எங்கும் போக வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில், கார்மேல் மடத்துச் சமையலறையில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். பழைய சிப்பாய், கால் ஊனம். சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசப் பழகினார். கோயிலில் முழந்தாளிட்டு இருக்கும்போது கிடைக்கிற அமைதி அவருக்கு அங்கேயே கிடைத்தது. 1691-இல் அவர் இறந்த பிறகு அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்தார்கள். உலகம் இன்னும் படிக்கிறது.

இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த மடத்தில் சமைத்தது ஆண்பிள்ளை.

பிறவிக் கோபக்காரன் நான். சாந்தம் வருமா?
– வாசகர், வேலூர்

வரும். புனித பிரான்சிஸ் சலேசியாரும் சட்டென்று சூடாகும் சுபாவக்காரர்தான். பல வருடப் பயிற்சியில் சாந்தத்துக்கே பெயர்பெற்றார். தொன் போஸ்கோ தம் சபைக்குச் சலேசியர் என்று பெயர் வைத்தது இவரை நினைத்துத்தான். முதல் பாடம்: பதில் மெசேஜை டைப் செய்யுங்கள், அனுப்பாதீர்கள்.

சாந்தமாக இருந்தால் தலையில் மிளகாய் அரைக்கிறார்களே?
– வாசகர், மதுரை

சாந்தம் வேறு, சரணாகதி வேறு. அந்தக் கடிதம் போன அதே பிலிப்பி நகரில் முன்பு ஒருமுறை பவுலையும் அவர் தோழர் சீலாவையும் பொது இடத்தில் அடித்து, சிறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடு ராத்திரியில் இருவரும் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைச்சாலைக்காரன் தன்னையே வெட்டிக்கொள்ளப் போனான். ஓட வழி கிடைத்த பவுல் ஓடாமல் நின்று அவனைத் தடுத்தார். இது சாந்தம். அவன் அவர்கள் காயங்களைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டான்.

விடிந்ததும் 'சத்தமில்லாமல் போய்விடுங்கள்' என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் நகரவில்லை. விசாரணை இல்லாமல் ரோமக் குடிமக்களை அடித்தவர்கள் நேரில் வந்து அழைத்துப்போகட்டும் என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். இதுவும் சாந்தம்தான்.

பிலிப்பியருக்கு எழுதிய அந்தக் கடிதம் தமிழுக்கு எப்போது வந்தது?
– மாணவி, தரங்கம்பாடி

உங்கள் ஊர்க்காரர்களைக் கேட்காமல் என்னைக் கேட்கிறீர்களே! மிஷனரி சீகன்பால்கு 1706-இல் அங்கே வந்து இறங்கினார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். சில வாரங்களில் டேனிஷ் தளபதி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார், நான்கு மாதம். வெளியே வந்து 1711-இல் வேலையை முடித்தார். முழுதாக அச்சில் வந்தது 1715-இல். சிறையில் எழுதிய கடிதம், சிறை கண்டவர் கையால் தமிழானது.

எங்கள் சபையிலேயே இரண்டு பேர் வருடக்கணக்காகப் பேசுவதில்லை. சமாதானம் எங்கே?
– வாசகர், நாகர்கோவில்

பிலிப்பியிலும் இதே கதை. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். பவுலோடு தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள். என்ன சண்டை, யார் பக்கம் நியாயம் என்று அவர் எழுதவில்லை. ஒத்துப்போகும்படி இருவரையும் பெயர் சொல்லிக் கெஞ்சினார். அவர்களுக்கு உதவும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொண்டார். சந்தோஷம், சாந்தகுணம், சமாதானம் மூன்றையும் பற்றிய அந்தப் புகழ்பெற்ற பகுதி இதற்கு அடுத்ததாக வருகிறது.

சண்டையே வராத சபை வேண்டுமென்றால் ஆளில்லாத சபைதான் கிடைக்கும்.

சரி, கடைசியில் அந்த இருவரும் சேர்ந்தார்களா?
– அதே வாசகர்

கடிதத்தில் அது இல்லை. உங்கள் ஊர் இருவரும் சேர்ந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் முதல் இடம் உங்களுக்கு.