பொருள்: தனியாக வந்து சேர்ந்தது தொடர்பாக

அனுப்புநர்:
மிஸ் முருகேசன் (அது அப்பா பெயர், விவரம் கீழே),
மேல் கட்டில் எண் 6, எட்டுப் பெண்கள் தங்கும் அறை,
சீலோம், பாங்காக்.

பெறுநர்:
உயர்திரு இமிக்ரேஷன் கவுண்டர் அவர்கள்,
நான் புறப்பட்ட விமான நிலையம்.

பார்வை: நேற்றிரவு தாங்கள் வாய்மொழியாகக் கேட்ட "தனியாவா?" (மூன்று முறை).

ஐயா,

நேற்றிரவு பதினொன்றே கால் மணிக்குத் தங்கள் முன் நின்றவள் நான். ஒரு இரவில் ஆயிரம் முகம் பார்க்கிறவர், ஞாபகம் இருக்காது. எண்ணெய் வைத்த தலை, நீலத் தோள்பை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலில் ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட புக்கிங், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸில் கொடுத்த லீவு லெட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தேன். தாங்கள் ஃபைலைத் தொடவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தீர்கள். அங்கே யாரோ பெட்டி தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

"தனியாவா?"

"ஆமா சார்."

"கூட ஃப்ரெண்ட்ஸ் யாரும்?"

"இல்ல சார்."

"அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கும்மா போறீங்க?"

சுற்றிப் பார்க்க என்றேன். தனியாகச் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? அப்பாவுக்கு போன் போடச் சொன்னீர்கள். போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்த அப்பா, தாங்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு சொன்னார்: "நானும் ஒரு மாசமா சொல்லிப் பாத்துட்டேன் சார், கேக்க மாட்டேங்குறா. நீங்களாவது சொல்லிப் பாருங்க."

முத்திரை விழுந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு தகப்பன்மார் ஒரே கருத்தாக இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க ஏதுமில்லை போலும்.

தங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தாய்லாந்தில் ஐடி வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி இதே பாங்காக்கில் வந்து இறங்கி, எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் அடைபட்டவர்களில் நம் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள். 2022இல் மீட்டு வந்த செய்தியை நானும் படித்தேன். அதற்குப் பிறகு சின்ன வயதுக்காரர்களை நிறுத்திக் கேட்பது தங்கள் கடமை. ஒரே ஒரு சந்தேகம்தான். ஆள் பிடிக்கிற ஏஜென்ட் காகிதத்தில் குறை வைப்பாரா? டிக்கெட்டும் புக்கிங்கும் அவரே எடுத்துக்கொடுத்து, கவுண்டரில் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று மனப்பாடமும் செய்யவைத்துத்தானே அனுப்புவார்? காகிதம் கோணலாக இருப்பது என்னைப் போல் சொந்தமாகப் படிவம் நிரப்புகிறவர்களிடம்தான்.

எப்படிக் கோணல் என்றால், எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் படிவத்திலோ குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம். அப்பா பெயரைப் போட்டேன். அன்று முதல் வெளியுலகுக்கு நான் முருகேசன். இங்கே இமிக்ரேஷனில் முருகேசன், தங்குமிடத்து லாக்கரில் ஒட்டிய சீட்டிலும் முருகேசன். ஆகவே தங்கள் கேள்விக்கு நேற்று நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்கிறேன். தனியாக வரவில்லை ஐயா. அப்பாவும் வந்திருக்கிறார்.

இனி முதல் நாள் அறிக்கை.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் காலையில் இறங்கினேன். 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொன்னவர்கள், 2024 ஜூலையில் அதை 60 நாளாக நீட்டினார்கள். 2025 மே முதல் வருகை அட்டையையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் நிரப்பிவிட வேண்டும். இங்கத்திய அதிகாரி விரலை வைக்கச் சொன்னார், கேமராவைப் பார்க்கச் சொன்னார், முத்திரை குத்தினார். என் தோளுக்குப் பின்னால் அவர் பார்க்கவே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இந்த விமான நிலையத்தில் பாற்கடல் கடைகிற மாதிரி ஒரு பெரிய சிலை உண்டு. தேவர்கள் ஒரு பக்கம், அசுரர்கள் ஒரு பக்கம், நடுவில் பாம்பு. ஆனால் அது ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் பக்கம் இருக்கிறதாம், வருகிறவர்கள் கண்ணில் படாது. நான் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? அந்தச் சிலையை நான் இன்னும் பார்க்கவில்லை. இதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளவும்.

ஏடிஎம்மில் ஒரு முறை பணம் எடுக்க 200 பாட்டுக்கு மேல் கட்டணம் என்று திரையில் வந்தது. ஒரு பாட் நம் காசுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். பெருக்கிப் பார்த்து 'நோ' அழுத்தினேன். பசித்தது. 'எஸ்' அழுத்தினேன். கீழ்த்தளத்திலிருந்து ஊருக்குள் போகும் ரயிலுக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தார்கள், கேரம் காயின் மாதிரி. அதைப் போடுவதற்கு ஓட்டை தேடி, கதவைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, டோக்கனைக் கதவின் மேல் தொட்டுக் காட்டினார். திறந்தது. ஏதோ சொன்னார், புரியவில்லை. நான் நன்றி சொன்னேன், அது அவருக்குப் புரிந்திருக்காது. பாயா தாய் ஸ்டேஷனில் இறங்கும்போது அதே டோக்கனை நான் தொட்டுத் தொட்டுப் பார்க்க, கதவு அசையவில்லை. வெளியே போகும்போதுதான் ஓட்டையில் போட வேண்டுமாம்.

பையைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டு, சாவ் பிரயா ஆற்றில் படகேறி அரண்மனைக்குப் போனேன். முதலாம் ராமா மன்னர் 1782இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. ஊரின் முழுப்பெயர் தங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஒரு பத்தி நீளம். அதில் இந்திரன் கொடுத்த நகரம், விசுவகர்மா கட்டிய நகரம் என்றெல்லாம் வருகிறது. அவர்கள் இருவரும் எந்தக் கவுண்டர் வழியாக வந்தார்களோ.

அரண்மனைச் சுவரோரம் ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கழுத்தில் ஏதோ அட்டை. சுத்தமான இங்கிலீஷ். "தனியாகவா வந்திருக்கிறாய்?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. தாங்கள்தான் இங்கே மாற்றலாகி வந்துவிட்டீர்களோ என்று நினைத்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது வேறு: "தைரியமான பெண்!"

ஐயா, இந்தப் பயணம் முடிவானதிலிருந்து என்னைத் தைரியசாலி என்று சொன்ன முதல் மனிதர் அவர். ரிட்டர்ன் டிக்கெட் கேட்கவில்லை. அப்பாவுக்கு போன் போடச் சொல்லவில்லை. இன்று புத்த விழா, அரண்மனை மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும் என்று வருத்தத்தோடு தெரிவித்து, அதுவரை சும்மா நிற்பானேன் என்று ஒரு துக்-துக்கைக் கைதட்டிக் கூப்பிட்டு, எல்லா இடமும் சுற்றிக்காட்ட வெறும் 20 பாட் என்று பேசியும் கொடுத்தார். வெளியாட்கள் பேச்சை நம்பாதீர்கள் என்று அங்கேயே எழுதி வைத்திருப்பதை நான் கவனித்தது சாயங்காலம். 20 பாட்டுக்கு மூன்று மணி நேரம் ஆட்டோ ஓடுமா என்று யோசிக்க வேண்டியவள்தான். திருச்சியில் ஜங்ஷனிலிருந்து சத்திரம் வரைக்கும் பேரம் பேசி வளர்ந்தவள். என்ன செய்வது, தைரியசாலி என்று வேறு சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு சின்ன புத்தர் கோயில். பிறகு சிவப்புத் தூண்கள் இரண்டு வானத்துக்கு நிற்கிற ஒரு நாற்சந்தி. அது 1784இல் நிறுவிய ராட்சத ஊஞ்சல். அதில் ஆடுகிற சடங்கை 1935இல் நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில். வருஷா வருஷம் அவர்கள் நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய். திருவெம்பாவையேதான், கடல் தாண்டி வந்ததில் நாக்கு கொஞ்சம் புரண்டிருக்கிறது. நிறுத்துங்கள் என்று டிரைவரின் தோளைத் தட்டினேன். கையை ஆட்டிவிட்டு ஓட்டினார். ஏன் என்று அடுத்த இடத்தில் தெரிந்தது.

அடுத்த இடம் நகைக்கடை. கண்ணாடிக் கதவு, குளிர் காற்று, கேட்காமலே கோலா. கறுப்பு வெல்வெட் தட்டில் நீலக்கல் வந்தது. இன்று மட்டும் இந்த விலை, ஊருக்குக் கொண்டுபோனால் இரட்டிப்பு என்றார் விற்பனையாளர். இந்த இடத்தில் தங்களிடம் ஒரு தகவலை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேலை என்ன என்று கேட்டீர்கள், அக்கவுண்ட்ஸ் என்றேன். பரம்பரை என்ன என்று கேட்கவில்லை. எங்கள் தாத்தா திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். தெருவுக்கு நாலு வீட்டில் சாணைச் சக்கரம் ஓடிய காலம் அது. குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தீட்டுவார். அவர் மடியில் உட்கார்ந்து லென்ஸ் வழியாகப் பார்ப்பதுதான் எனக்கு டிவி. "மண்ணுல பொறந்த கல்லுல கோடு நேராப் போகும் பாப்பா, அடுப்புல பொறந்ததுல வளைஞ்சு போகும்" என்பார்.

லென்ஸ் கேட்டேன். கொடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு அழகாக வளைந்தது, இசைத்தட்டில் இருக்குமே அது மாதிரி. ஓரத்தில் குண்டூசி முனையளவு இரண்டு குமிழ். அடுப்பில் பிறந்த குழந்தை. தாத்தா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. விற்பனையாளர் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டு விலையைப் பாதியாக்கினார். எங்கள் வீட்டிலும் இது செய்வோம் என்றேன். தட்டு சத்தமில்லாமல் உள்ளே போனது. "தனியாகவா வந்தாய்?" என்று அவரும் கேட்டார். அந்தக் குரலில் இருந்தது சந்தேகமில்லை, பயம்.

வெளியே டிரைவர் கோபப்படவில்லை. கெஞ்சினார். ஒரு கடையில் பத்து நிமிடம் ஆள் உட்கார்ந்தால் அவருக்குப் பெட்ரோல் கூப்பன், வாங்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்று விரலாலும் அரை இங்கிலீஷாலும் விளக்கினார். இத்தனை நேரத்தில் நான் கேட்ட முதல் உண்மை. சரி என்று தையல் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். வேர்வை வழிகிற வெயிலில் கம்பளிக் கோட்டுக்கு அளவெடுத்தார்கள். கைநீளம் மட்டும் எடுத்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. டிரைவர் கூப்பனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சொன்னபடி அரண்மனை வாசலிலேயே இறக்கிவிட்டார். 20 பாட்டுக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை.

மணி 3.40. மூன்றரைக்கே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். காலையில் அரண்மனை மூடியிருப்பதாக அந்த மனிதர் சொன்னது பொய்தான், ஆனால் சாயங்காலத்துக்குள் அதை உண்மையாக்கிவிட்டார். டிக்கெட் 500 பாட் மிச்சம்.

திரும்புகிற வழியில், சீலோம் சாலையில், எதிர்பாராத இடத்தில் ஒரு கோபுரம். மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த நம் ஆட்கள் எழுப்பியது. அவர்களிடம் எவரேனும் தங்குமிட புக்கிங் கேட்டிருந்தால் அம்மன் இன்னும் நம் ஊர் எல்லையிலேயே காவல் நின்றிருப்பாள். உள்ளே பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். தட்டில் வாழைப்பழம், தேங்காய், சாமந்தி மாலை, கல்லூரிப் பெண்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் கோயிலை அவர்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். வாட் என்றால் கோயில், கேக் என்றால் விருந்தாளி. நம் ஜாடை உள்ளவர்களைக் குறிக்கவும் அதே சொல்தான். சொல்கிற தொனியைப் பொறுத்து அது மரியாதையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'வெளியூர்க்காரன்' என்று நாம் சொல்வதில்லையா, அப்படி.

இரவுச் சாப்பாட்டுக்கு நடைபாதைக் கடை. சட்டியை உலுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கினார். ஒருத்தரா? நானும் ஒரு விரலைத் தூக்கினேன். அவ்வளவுதான். இரண்டு பேர் உட்காரும் மேசையிலிருந்து ஒரு ஸ்டூலை உருவிப் பக்கத்து மேசைக்குப் போட்டுவிட்டு, துளசி வாசனையோடு சோறும் மேலே ஒரு முட்டையும் கொண்டுவந்து வைத்தார்.

எனவே தங்களிடம் ஒரு சிறு கோரிக்கை. "தனியாவா?" என்ற கேள்வியை நிறுத்தும்படி கேட்கவில்லை, அது தங்களால் ஆகாது என்று தெரியும். அதைக் கேட்டு முடித்த கையோடு, "அரண்மனையில மூன்றரைக்கே டிக்கெட் நிறுத்திருவாங்கம்மா" என்றும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். முடிந்தால் டோக்கன் விஷயத்தையும்.

இங்கே மணி இரவு 11.40. தங்கள் நேரம் 10.10, ஷிஃப்ட் தொடங்கியிருக்கும். கீழ்க் கட்டிலில் யாரோ குறட்டை விடுகிறார்கள். அப்பா வாட்ஸ்அப்பில் "சாப்டியா?" என்று கேட்டிருக்கிறார். பதில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முருகேசன் மகள்

இணைப்பு: 
1. நகைக்கடை விசிட்டிங் கார்டு (பெயர் அடித்தது). 
2. கோட்டுக்கு எடுத்த கைநீள அளவு. 
3. ரயில் டோக்கன் (அனுப்ப இயலவில்லை, கதவு விழுங்கிவிட்டது).

நகல்: அப்பாவுக்கு, தகவலுக்காக. துக்-துக் வருகிற பகுதியை நீக்கி அனுப்பவும்.