காற்று வாங்கலாமா?

கேள்வி: மெரினாவுக்குக் காற்று வாங்கப் போன காலம் போய், கடையில் காற்றை விலைக்கு வாங்கும் காலம் வந்துவிட்டதே? (வாசகி, பெரம்பூர்)

பதில்: கடையில் விற்பது காற்றல்ல, வடிகட்டி! 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைத் தடுக்கப் பிறந்ததுதான் இன்றைய 'ஹெபா' வடிகட்டி. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். போகிப் புகையின் கரித்துகளும் அதில் சிக்கும். போகியில் எரிக்கும் டயரின் நாற்றம் சிக்காது. அதற்குக் கரி வடிகட்டியும் சேர்ந்திருக்க வேண்டும்.

விலைச்சீட்டுக்கு முன்னால், கருவி மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்று சொல்லும் 'சிஏடிஆர்' எண்ணைப் பாருங்கள். 10க்கு 12 அடி படுக்கையறைக்கு மணிக்கு 170 கன மீட்டராவது இருக்கட்டும். ஓசோன் கக்கும் கருவி வேண்டவே வேண்டாம், நுரையீரலைப் புண்ணாக்கும்.

அதுசரி, அந்த அறையில் கொசுவத்தியை அணைத்துவிட்டீர்களா?