அடி வாங்கியே ஊரை வாங்கியவர்கள்

ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தைப் பல்கலைக்கழகம் பணம் கொடுத்தா வளைத்தது? சேச்சே. ஊர்க்காரர்களிடம் நன்றாக உதை வாங்கியது. அப்புறம் பெரியவர்களிடம் போய் மூக்கைச் சிந்தியது. அவ்வளவுதான். ஒவ்வொரு உதைக்கும் ஊரில் ஒரு துண்டு கைக்கு வந்தது.

முதல் போணி 1209-இல். மாணவர் ஒருவர் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டுத் தலைமறைவானார். ஆள் சிக்காத ஆத்திரத்தில் ஊரார் அவருடைய சகாக்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். ஜான் மன்னர் தலையாட்டினார். மற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் மூட்டை கட்டினார்கள். அதில் ஒரு கூட்டம் கேம்பிரிட்ஜுக்குப் போய்க் கடை விரித்தது. அந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் ஸ்தல புராணம் இப்படித்தான் தொடங்குகிறது.

1214-இல் போப்பின் தூதர் வந்து பஞ்சாயத்துப் பேசினார். தீர்ப்பு: பத்து ஆண்டுகளுக்கு மாணவர்களிடம் பாதி வாடகைதான் வாங்க வேண்டும், ஆண்டுக்கு 52 ஷில்லிங் கட்ட வேண்டும், செயின்ட் நிக்கோலஸ் திருநாளில் நூறு ஏழை மாணவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ரொட்டி, பீர், கூழ், கூடவே மீனோ கறியோ ஒன்று. மெனுவரை எழுதி வாங்கியிருக்கிறார்கள். படித்தவர்கள் இல்லையா!

பெரிய வசூல் 1355-இல். பிப்ரவரி 10 அன்று, ஊர் நடுவே இருந்த ஸ்விண்டில்ஸ்டாக் சாராயக்கடைக்கு இரண்டு மாணவர்கள் வந்தார்கள். இந்தக் கால மாணவர்கள்போல எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் என்றால் திருச்சபையைச் சேர்ந்தவர், பாதி சாமியார். பாதி சாமியார்களுக்கு வைன் பிடிக்கவில்லை. கடைக்காரர் பதிலுக்கு வாயை விட, வைன் அவர் முகத்துக்கும் பாத்திரம் மண்டைக்கும் போய்ச் சேர்ந்தன. செயின்ட் மார்ட்டின் கோயில் மணியடித்து ஊரார் திரண்டார்கள். செயின்ட் மேரி கோயில் மணியடித்து மாணவர்கள் திரண்டார்கள். மறுநாள் பக்கத்துக் கிராமத்துக்காரர்களும் ஆயுதத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் அந்த வைனை வாயில் வைத்துப் பார்த்தவர்கள்கூட இல்லை. மூன்று நாள் ரகளை. மாணவர் தரப்பில் 63 பேர் மாண்டதாகவும் ஊரார் தரப்பில் ஏறக்குறைய அதில் பாதி என்றும் சொல்வார்கள்.

தெருச்சண்டையில் ஜெயித்தது ஊர். ஆனால் மூன்றாம் எட்வர்டு மன்னர் மேயரைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சாசனம் எழுதித் தந்தார். ரொட்டி, பீர், வைன் விற்பனைமேல் அதிகாரம் அவர்களுக்கு. எடைக்கல்லும் படியும் சரியா என்று பார்ப்பதும் அவர்களே. உன் வீட்டைப் பழுதுபார் என்று வீட்டுக்காரரையே அதட்டலாம். வைன் சரியில்லை என்று கிளம்பிய சண்டையில் வைன் அதிகாரத்தையே கைப்பற்றியவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

அதோடு விட்டார்களா? ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று மேயரும் நகரப் பெரிய மனிதர்களும் செயின்ட் மேரி கோயிலுக்குப் போய், செத்தவர்களுக்காகத் தலைக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும். சாராயக்கடை அடிதடிக்கு 470 ஆண்டு திதி! கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரன் மேயரானாலும் பென்னியோடு போய் நிற்க வேண்டும். 1825-இல்தான் ஒரு மேயர் முடியாது என்றார். அப்படியும், பல்கலைக்கழகத்தின் உரிமைகளைக் காப்பேன் என்று மேயர் சத்தியம் செய்கிற வழக்கம் 1859 வரை போகவில்லை.

முறைத்துக்கொண்ட கடைக்காரரோடு மாணவர்கள் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது என்று உத்தரவு போடும் அதிகாரமும் பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. ஊரின் பெரிய வாடிக்கையாளரே அவர்கள்தான். கடைக்காரர் எங்கே முறைப்பார்? 1865-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பெட்டித் தொழிற்சாலையை ஆக்ஸ்ஃபோர்டில் கட்டப் பார்த்தது. நகரசபைக்கு வாயெல்லாம் பல். ஐயையோ, புகையும் கூலித் தொழிலாளியும் நம் கோபுரங்களுக்கு ஆகாது என்று பேராசிரியர்கள் கூப்பாடு போட்டார்கள். தொழிற்சாலை ஸ்விண்டனுக்குப் போய்விட்டது. நாடாளுமன்றத்திலும் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக இரண்டு உறுப்பினர்கள், 1950 வரை. பட்டதாரிகள் அதற்கொரு ஓட்டு, குடியிருக்கும் தொகுதிக்கொரு ஓட்டு என்று இரட்டை ஓட்டுப் போட்டார்கள்.

கடைசியில் 1955 பிப்ரவரி 10 அன்று, சண்டை நடந்து சரியாக 600 ஆண்டு கழித்து, சமாதானம் ஆனது. மேயருக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. துணைவேந்தரை நகரம் கௌரவக் குடிமகனாக்கியது. ஆனால் நகரசபையில் பல்கலைக்கழகத்துக்கென்று ஒதுக்கிய நாற்காலிகளை மட்டும் அன்று யாரும் தொடவில்லை. அவை 1974 வரை இருந்தன.